புரதம் நிற்கும் இடம்: மார்புக் கட்டி நல்லதா கெட்டதா என்று திசு காட்டுவது எப்படி

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் பலர் முதலில் ஓடுவது ரத்தம் கொடுக்கத்தான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊர் பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாலும் பரிசோதனை நிலையங்கள் உண்டு. ‘கேன்சர் மார்க்கர்’ என்று கேட்டால் சிஏ 15-3 பார்த்துத் தருவார்கள். மறுநாள் தாளில் 18 என்று வரும், பக்கத்திலேயே இயல்பு அளவு 30-க்குள் என்று அச்சாகியிருக்கும். “மக்கா, அப்ப நல்ல கட்டிதானே?” என்று அந்தத் தாளை நீட்டிக் கேட்கும் அம்மாவுக்கு ஆமாம் என்று சொல்ல யாருக்கும் ஆசைதான். ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கான பதில் அந்தத் தாளில் இல்லை. அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, அக்குளில் நெறி கட்டிய பிறகு வருகிறவர்கள் இருப்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மார்புக்குள் சாதாரணமாக இருக்கும் புரதங்களே பெரும்பாலும் புற்றிலும் இருக்கின்றன. புற்றுக்கென்றே தனியாக ஒரு புரதம் தோன்றி, அதைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது என்கிற நிலை மார்பகத்தில் கிடையாது. மாறுவது அந்தப் புரதம் நிற்கும் இடமும், அது அமைந்திருக்கும் வரிசையும்தான். திசுவை மெல்லியதாகச் சீவிப் பார்த்தால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியும். ரத்தத்தில் கலந்த பிறகு இடம் என்பதே அழிந்துபோய் வெறும் அளவு மட்டும் மிஞ்சும்.

சிஏ 15-3 என்பது எம்யூசி1 என்ற புரதத்தின் உதிர்ந்த துண்டு. பால் குழாயின் உள்பக்கச் செல்கள் எல்லாவற்றிலும் இது இயல்பாகவே உண்டு. ஆனால் செல்லின் ஒரே ஒரு பக்கத்தில், குழாயின் உள்வெளியைப் பார்த்த முகத்தில் மட்டும் இருக்கும். அங்கிருந்து உதிர்ந்தால் பெரும்பாலும் குழாய்க்குள்தான் விழும், ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. புற்றுச் செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்ற திசை போய்விடுகிறது. சுற்றிலும் எம்யூசி1 பூசிக்கொண்டு, உதிர்வதை இடைத்திசுவிலும் ரத்தத்திலும் விடுகிறது. அதனால் கட்டி பெரிதாகி, பல இடங்களுக்குப் பரவிய பிறகே ரத்தத்தில் அளவு கூடும். முதல் நிலைப் புற்றில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் சிஏ 15-3 உயரும். பரவிவிட்ட நிலையில் நான்கில் மூவருக்கு உயரும். மறுபக்கம், கல்லீரல் நோய், காசநோய், கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், சில சமயம் கர்ப்பம் என்று புற்றே இல்லாதவர்களுக்கும் கூடும். ‘கேன்சர் மார்க்கர்’ என்று ரத்தத்தில் பார்க்கும் இன்னொன்றான சிஇஏ இதைவிடவும் பலவீனம், புகை பிடித்தாலே உயர்ந்துவிடும். ஆகவே கட்டி நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க இந்த இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. பரவிய புற்றுக்குச் சிகிச்சை நடக்கும்போது, ஸ்கேனோடு சேர்த்து, முன்பைவிடக் குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்கலாம். அதிலும் புதிய சிகிச்சை தொடங்கிய முதல் 4 முதல் 6 வாரங்களில் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதை மறக்கக் கூடாது.

கையாலையும் விளையும்

சரி, திசுவில் என்ன பார்க்கிறார்கள்? பால் குழாயின் சுவரில் இரண்டு வரிசைச் செல்கள் உண்டு. உள் வரிசை, பால் சுரக்கும் லூமினல் செல்கள். வெளி வரிசை, மயோஎப்பித்தீலியல் செல்கள். குழந்தை சப்பும்போது சுருங்கிப் பாலை முன்னே தள்ளுவது இந்த வெளி வரிசை. தசை செய்கிற வேலையைச் செய்வதால் தசைக்குரிய புரதங்கள் இவற்றில் இருக்கும். இந்த வரிசைக்கும் வெளியே ஓர் அடித்தளச் சவ்வு.

நம் ஊரில் விளையை, அதாவது தோப்பைச் சுற்றி மண்ணாலோ கல்லாலோ கையாலை என்ற வேலிச் சுவர் கட்டியிருப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். உள்ளே எவ்வளவு தாறுமாறாக மரம் வளர்ந்தாலும், கையாலை முழுசாக நின்றால் விஷயம் விளைக்குள்ளேயே இருக்கிறது. கையாலையே இல்லாமல் செடிகள் ரோட்டில் முளைத்துக் கிடந்தால் அது பரவத் தொடங்கிய புற்று. திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி மருத்துவரின் முதல் கேள்வி இதுதான்: இந்தச் செல் கூட்டத்தைச் சுற்றி வெளி வரிசை இருக்கிறதா, இல்லையா?

பெரும்பாலான கட்டிகளில் இதற்கு எந்த விசேஷச் சோதனையும் தேவையில்லை. ஹெமடாக்சிலின், ஈயோசின் என்ற சாதாரண நீல, இளஞ்சிவப்புச் சாயத்திலேயே ஃபைப்ரோஅடினோமா என்ற நல்ல கட்டி ஃபைப்ரோஅடினோமாவாகத் தெரியும், முற்றிய புற்று முற்றிய புற்றாகத் தெரியும். குழப்பம் வருவது நடுவில் நிற்கும் சில நோய்களில். ஸ்கிளரோசிங் அடினோசிஸ் என்று ஒன்று உண்டு. நார்த்திசு பெருகி, நல்ல சுரப்பிகளையே இறுக்கி நசுக்கிக் கோணல்மாணலாக்கிவிடும். பார்த்தால் புற்று ஊடுருவியது போலவே இருக்கும். மாமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகளாகவும் தெரிந்து பயமுறுத்தும். ரேடியல் ஸ்கார் என்பதும் அப்படித்தான், நட்சத்திரம் போல் இழுத்துப் பிடித்த தழும்பு. இங்கேதான் ஐஎச்சி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி கைகொடுக்கிறது.

மெழுகில் புதைத்த திசுவை 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, மின்னேற்றம் பெற்ற ஸ்லைடில் ஒட்டுவார்கள். சாதாரணக் கண்ணாடியில் ஒட்டினால் அடுத்த கட்டத்தில் உரிந்து போய்விடும். பிறகு சிட்ரேட் அல்லது ஈடிடிஏ கரைசலில், பிரஷர் குக்கரிலோ அதற்கான கருவியிலோ சூடாக்குவார்கள். திசு அழுகாமல் இருக்க ஊறவைத்த ஃபார்மலின் பின்னிவைத்த முடிச்சுகளை அவிழ்த்துப் புரதத்தை வெளிக்காட்டும் வேலை இது. அதன்மேல் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி, அதன்மேல் நிறம் தரும் டிஏபி. புரதம் இருந்த இடம் பழுப்பாகும், மற்ற உட்கருக்கள் வெளிர் நீலமாக இருக்கும்.

பி63 என்ற புரதம் வெளி வரிசைச் செல்களின் உட்கருவில் இருக்கிறது. அதற்குச் சாயமேற்றிய ஸ்லைடில் ஒரு நல்ல பால் குழாயைப் பார்த்தால், நீலச் செல்களின் வட்டத்தைச் சுற்றிப் பழுப்பு மணிகளைக் கோத்துவைத்தது போல் இருக்கும். ஸ்கிளரோசிங் அடினோசிஸிலும், சுரப்பி எவ்வளவு நசுங்கியிருந்தாலும், ஒவ்வொன்றையும் சுற்றி மணிகள் தெரியும். அதே ஸ்லைடில் புற்று ஊடுருவிய இடம் வந்தால் பழுப்பு திடீரென்று நின்றுவிடும். நீலச் செல்கள் மட்டும் கொத்துக் கொத்தாக நார்த்திசுவுக்குள் கிடக்கும்.

இந்த மணிமாலையை மட்டும் நம்பி எழுதினால் தப்பும் வரும். பி63 உட்கருவில் மட்டும் இருப்பதால் இரண்டு மணிக்கு நடுவே இடைவெளி இயல்பாகவே உண்டு. குழாய்க்குள் புற்று நிறைந்து வீங்கி, வெளி வரிசை மெல்லியதாக இழுபட்டிருந்தால் அந்த இடைவெளி இன்னும் அகலும். அதைக் கையாலை உடைந்தது என்று படித்துவிடக் கூடாது. ஆகவே செல்லின் உடலைச் சாயமேற்றும் இன்னொன்றை, அதாவது ஸ்மூத் மசில் மயோசின் ஹெவி செயின் அல்லது கால்போனினைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்மூத் மசில் ஆக்டின் மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் அது ரத்தக் குழாய்ச் சுவரையும், புற்றைச் சுற்றி இயல்பாகவே பெருகும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களையும் அதே பழுப்பில் காட்டும். புற்றுக் கொத்தை ஒட்டி ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்து ‘கையாலை இருக்கிறது’ என்று எழுதினால், கெட்ட கட்டி நல்ல கட்டியாகிவிடும். குறைந்தது இரண்டு குறிகள், அவற்றில் ஒன்று பி63 என்பது இந்தத் துறையில் பழகிய பாதுகாப்பு.

கையாலை இல்லாமலே நல்லதாக இருக்கும் நோய் ஒன்றும் உண்டு, மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ். அதில் மயோஎப்பித்தீலியல் வரிசை கிடையாது, ஆனால் அடித்தளச் சவ்வு முழுசாக இருக்கும், எஸ்100 என்ற புரதம் பாசிட்டிவ் ஆகும், இஆர் என்ற ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நெகட்டிவாக இருக்கும். அரிதுதான், ஆனாலும் நினைவில் இல்லாவிட்டால் புற்று என்று எழுதிவிடுவார்கள். இதைப் போலவே, உறைக்குள் அடங்கிய பாப்பிலரி புற்றில் விளிம்பில் வெளி வரிசை இருக்காது. ஆனாலும் பெரும்பாலும் அது குழாய்க்குள் அடங்கிய புற்று போலவே நடந்துகொள்கிறது, அப்படியே நிலை குறிக்கிறார்கள்.

கையாலைக்கு உள்ளே

வேலி நிற்கிறது என்பதால் உள்ளே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. பால் குழாய்க்குள் செல்கள் பெருகியிருக்கும்போது இரண்டாவது கேள்வி வருகிறது: பெருகியது பல இனம் கலந்த கூட்டமா, ஒரே செல்லின் நகல்களா? கலந்த கூட்டம் என்றால் சாதாரண டக்டல் ஹைப்பர்பிளேசியா, நல்ல நோய். பிற்காலப் புற்று ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்குதான். ஒரே நகலாக இருந்தால் சிறிய அளவில் அது அடிப்பிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா, ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே செல்கள் 2 மில்லிமீட்டருக்கு மேல் பரந்திருந்தால் அல்லது இரண்டு குழாய்களை முழுதாக நிறைத்திருந்தால் டிசிஐஎஸ், அதாவது குழாய்க்குள்ளேயே இருக்கும் புற்று.

இதைப் பிரித்துக் காட்டுவது சிகே5/6 என்ற கெரட்டினும், முன்பு சொன்ன இஆரும். கலந்த கூட்டத்தில் சிகே5/6 சில செல்லில் இருக்கும், பக்கத்துச் செல்லில் இருக்காது, மொசைக் தரை மாதிரி. இஆரும் அப்படியே, ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர், ஒன்றில் இல்லை. நகல் கூட்டத்தில் சிகே5/6 முழுசாக அணைந்திருக்கும், இஆர் ஒவ்வொரு உட்கருவிலும் ஒரே அடர்த்தியில் எரியும். இங்கேயும் பாருங்கள், இஆர் இருப்பது செய்தி இல்லை. நல்ல மார்பிலும் இஆர் உண்டு. சீராக எல்லாவற்றிலும் இருப்பதுதான் செய்தி.

இதிலும் பள்ளங்கள் உண்டு. அப்போகிரைன் மாற்றம் வந்த நல்ல செல்களில் சிகே5/6-உம் இஆரும் இரண்டுமே இருக்காது, அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. தீவிரமான டிசிஐஎஸ் சிலவற்றில் சிகே5/6 பாசிட்டிவாக வரும், அதைப் பார்த்து நிம்மதியடையவும் கூடாது. அங்கே சாதாரணச் சாயத்தில் தெரியும் உட்கருவின் முரட்டுத்தனமே போதுமான சாட்சி.

ஊசிப் பயாப்ஸியில் அடிப்பிகல் என்று வந்தால் பொதுவாக அந்த இடத்தை அறுவையில் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். ‘புற்று இல்லேன்னுதானே எழுதியிருக்கு, எதுக்குக் கத்தி’ என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஊசியில் வந்தது நூலளவு திசு. அளவை வைத்தே அடிப்பிகலும் டிசிஐஎஸும் பிரிவதால், பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தால் பெயரே மாறிவிடும்.

இ-கேதரின் இன்னொரு வகைக் கேள்விக்கு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை இது, செல் சவ்வில் கோடாகத் தெரியும். லோபுலர் வகையில் இது காணாமல் போகும், செல்கள் ஒட்டாமல் ஒற்றை வரிசையாக நடந்து போகும். அதனால்தான் லோபுலர் புற்று கட்டியாகக் கைக்குத் தட்டுப்படாமல் மார்பு லேசாகத் தடித்தது போல் மட்டும் இருந்து ஏமாற்றும். இ-கேதரினோடு சேர்ந்து வேலை செய்யும் பி120 கேட்டெனின் அப்போது சவ்வை விட்டு செல்லின் நடுவுக்கு இடம் மாறும். புரதம் அதே புரதம், நிற்கும் இடம் மட்டும் வேறு. லோபுலர் புற்று சிலவற்றில் இ-கேதரின் மிச்சமிருந்து குழப்பும்போது இந்த இடமாற்றம்தான் முடிவு சொல்கிறது.

ஃபைப்ரோஅடினோமா போலவே தோன்றும் ஃபிலோட்ஸ் என்ற கட்டியில் இந்தக் குறிகளின் உதவி குறைவு. ஃபைப்ரோஅடினோமாவும் ஃபிலோட்ஸும் எம்இடி12 என்ற ஒரே மரபணு மாற்றத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, ஆகவே அது பிரித்துக் காட்டாது. இடைத்திசுச் செல்களின் நெரிசல், பிளவுறும் செல்களின் எண்ணிக்கை, விளிம்பு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இஆர், பிஆர், ஹெர்2 எதற்கு?

அறிக்கையில் மக்கள் அதிகம் பார்ப்பது இஆர், புரோஜெஸ்டரோன் ஏற்பியான பிஆர், செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் ஆகிய இந்த மூன்றையும் கேஐ-67-ஐயும்தான். இவை புற்றா இல்லையா என்று சொல்லும் சோதனைகள் இல்லை. புற்று என்று முடிவான பிறகு எந்த மருந்து கேட்கும் என்று சொல்பவை. இஆர் பாசிட்டிவ் என்றதும் ‘ஐயோ பாசிட்டிவ்’ என்று அழுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது மாத்திரைக்குக் கட்டுப்படும் என்ற நல்ல செய்தி. 100 செல்லில் ஒன்றாவது சாயமேறினால் பாசிட்டிவ். 2020-லிருந்து 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் ‘லோ பாசிட்டிவ்’ என்று தனியாக எழுதுகிறார்கள். ஆல்ரெட் என்ற 8 மதிப்பெண் கணக்கில் எத்தனை செல் என்பதற்கு 5, எவ்வளவு அடர்த்தி என்பதற்கு 3.

ஹெர்2-வில் செல் சவ்வின் கோடு மட்டுமே கணக்கு. 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் சுற்றிலும் முழுசாக, அடர்த்தியாக, கோழிக்கூட்டு வலை போல் தெரிந்தால் 3+. 0-உம் 1+-உம் நெகட்டிவ். 2+ என்பது ‘தெரியவில்லை’ என்று பொருள், ஃபிஷ் என்ற மரபணுச் சோதனைக்குப் போக வேண்டும். 2+ அறிக்கையோடு ஃபிஷ் பார்க்காமல் நின்றுவிட்டால் அது அரைகுறை அறிக்கை. இப்போது 1+-ஐயும், ஃபிஷ் நெகட்டிவான 2+-ஐயும் ‘ஹெர்2 லோ’ என்று குறிக்கிறார்கள். 2022-க்குப் பிறகு பரவிய நோயில் இந்த வகைக்கும் ஒரு மருந்து வந்துவிட்டதால் 0-வா 1+-ஆ என்பதும் முக்கியமாகிவிட்டது.

கேஐ-67 பிளவுபடத் தயாரான செல்களை எண்ணும். தாய்ப்பால் கொடுக்கும் மார்பில் வரும் நல்ல கட்டியிலும் இது கூடுதலாக இருக்கலாம். ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசியிலும் பால் கொடுப்பவரின் செல்கள் பெரிய உட்கருவோடு புற்று போலத் தோற்றம் தரும். ஆகவே கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பது பரிசோதனைப் படிவத்தில் இருந்தே ஆக வேண்டும். மார்பில் அடிபட்டது, தடவியது, பற்று போட்டது எதுவானாலும் அதையும் எழுதச் சொல்லுங்கள். அடிபட்ட கொழுப்பு கெட்டிப்பட்டு வரும் ஃபேட் நெக்ரோசிஸ் கைக்கும் மாமோகிராமுக்கும் புற்று போலவே இருக்கும்.

ஜிஏடிஏ3, எஸ்ஓஎக்ஸ்10 போன்றவற்றைச் சில அறிக்கைகளில் காணலாம். அக்குளிலோ நுரையீரலிலோ கண்ட புற்று மார்பிலிருந்து வந்ததா என்று பார்க்க அவை. நல்ல பால் குழாயிலும் ஜிஏடிஏ3 உண்டு, எனவே நல்லது கெட்டதுக்கு அதில் பதில் இல்லை.

டப்பாவில் நடக்கும் தவறு

ஆன்டிபாடி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், திசு கெட்டுப் போயிருந்தால் பொய்தான் சொல்லும். நெகட்டிவ் என்று வரும் அறிக்கைகளில் ஒரு பகுதி நோயின் குணத்தால் வந்ததல்ல, திசுவைக் கையாண்ட விதத்தால் வந்தது. நம் குமரி மாவட்டத்தில் அறுவை ஓர் ஊரிலும் ஐஎச்சி வேறு ஊரிலும் நடப்பது சகஜம். நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ டப்பா பயணம் போகும். அதனால் இதை அறுவை செய்யும் சிறு மருத்துவமனைகளில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

உடம்பிலிருந்து வெளியே வந்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்க வேண்டும். உப்புநீரில் போட்டு ‘சாயங்காலம் அனுப்பலாம்’ என்று வைத்தால் இஆர், பிஆர் மங்கிவிடும். ஃபார்மலின் என்றால் 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலின். கடையில் வாங்கும் கெட்டி ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம், இவ்வளவுதான் கணக்கு. குழாய்த் தண்ணீரில் குத்துமதிப்பாகக் கலக்கிய ஃபார்மலின் நாளாக நாளாகப் புளித்து ஃபார்மிக் அமிலமாகும். திசுவில் கறுப்புத் துகள் படியும், சாயம் ஏறாது. ஸ்பிரிட்டில் போடுவதும் வேண்டாம்.

திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். பெரிய கட்டியை ஊறுகாய் பாட்டிலில் நெருக்கித் திணித்து மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கிறது. ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். 6 சென்டிமீட்டர் கட்டியை வெட்டாமல் போட்டால் மேலே வெந்தது போல் இருக்கும், நடுவில் அழுகியிருக்கும். அந்த நடுப்பகுதியில் இருந்து ஹெர்2 பார்த்தால் என்ன வரும்? விளிம்புகளை நூல் கட்டியோ மை பூசியோ அடையாளம் வைத்துவிட்டு, கட்டியின் குறுக்கே 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டு விட்டுத்தான் ஊறப்போட வேண்டும். அதைப் பேத்தாலஜி மருத்துவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுச் செய்வது இன்னும் நல்லது.

ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72 மணியைத் தாண்டவும் கூடாது. நூல் போன்ற ஊசித் துண்டுதானே, ஒரு மணி நேரம் போதும் என்று அவசரப்படுவதும் தப்பு. மேல் எல்லை உடைவது விடுமுறையில். பெரிய வியாழன் மதியம் பயாப்ஸி எடுத்து, புனித வெள்ளி, சனி, ஈஸ்டர் ஞாயிறு போய்த் திங்கள் காலை 9 மணிக்கு டப்பாவைத் திறந்தால் 93 மணி நேரம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை வார இறுதியை ஒட்டி வந்தாலும் இதே கதைதான். அறுவை நாளைக் குறிக்கும்போதே காலண்டரைப் பார்த்துவிட வேண்டும். எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதினால் போதும், பேத்தாலஜி மருத்துவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

காசநோய் சந்தேகம் இருந்தால் விதி கொஞ்சம் மாறும். மார்பில் காசநோயும், கிரானுலோமட்டஸ் மாஸ்டைடிஸ் என்ற அழற்சியும் கெட்டியான கட்டியாக, தோலை இழுத்துக்கொண்டு, அப்படியே புற்றைப் போல வரும். அப்போது ஒரு துண்டை ஃபார்மலினிலும் இன்னொரு துண்டை கிருமி நீக்கிய உப்புநீரிலும் போட வேண்டும். ஃபார்மலினில் போனது கல்ச்சருக்கு உதவாது, கிருமி செத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டுப் பிறகு மறுபடி குத்துவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

சாயம் ஏறியதை எப்படி நம்புவது? அதே ஸ்லைடில் புற்றுக்குப் பக்கத்தில் நல்ல பால் குழாய் ஒன்றாவது இருக்கும். அதில் சில உட்கருக்களாவது இஆருக்குப் பழுப்பாக வேண்டும். புற்றும் நீலம், நல்ல குழாயும் நீலம் என்றால் அது இஆர் நெகட்டிவ் புற்று என்று பொருளாகாது. சோதனையே தோற்றுவிட்டது, திசு புதைத்த வேறு மெழுகு பிளாக்கில் மறுபடி செய்ய வேண்டும். இஆர், பிஆர், ஹெர்2 மூன்றும் இல்லை, அதாவது ட்ரிபிள் நெகட்டிவ் என்று அறிக்கை வந்தால், ‘உள்ளிருக்கும் நல்ல குழாயில் சாயம் ஏறியதா’ என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை.

ஊசி, படம், கை: மூன்றும் ஒத்துப் போக வேண்டும்

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் ஆழமாக இருக்கிறது. ஊசித் தடத்தில் செல் ஒட்டி வளர்வது மிக அபூர்வம், அதனால் ஆயுள் குறைவதில்லை. குத்தாமல் ‘முதலில் கட்டியை எடுத்துவிடுவோம்’ என்று திறப்பதுதான் கெடுதல். புற்று என்று பிறகு தெரிந்தால் விளிம்பு போதாமல் மறு அறுவை வரும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அறுவைக்கு முன்பே மருந்து கொடுத்துக் கட்டியைக் கரைக்கும் வாய்ப்பும் போயிருக்கும். எஃப்என்ஏசி மெல்லிய ஊசியால் தனிச் செல்களை மட்டும் உறிஞ்சும். புற்றுச் செல் என்று சொல்லும், ஆனால் கையாலை உடைந்ததா என்று சொல்ல அதால் முடியாது, ஏனென்றால் வரிசை கலைந்துவிட்டது. 14 கேஜ் ஊசியில், அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, நான்கு துண்டுகளாவது எடுக்கும் கோர் பயாப்ஸியில்தான் வரிசை கலையாமல் வரும், இஆர், ஹெர்2-வும் அதிலேயே பார்க்கலாம்.

மாமோகிராம், ஸ்கேன் படத்தில் பைராட்ஸ் என்ற சந்தேகக் கணக்கில் 5 என்று வந்து, அதாவது புற்றாக இருக்க 95 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு என்று வந்து, பயாப்ஸியில் ‘நல்ல கட்டி’ என்று வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். எந்தக் குறியாலும் ஊசியில் வராத திசுவைக் காட்ட முடியாது. மறுபடி கோர் எடுக்க வேண்டும், அல்லது அறுவையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி எடுக்கும் எந்தக் கட்டியும், பார்வைக்கு எவ்வளவு சாதுவாக இருந்தாலும், பேத்தாலஜிக்குப் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோய்த் திரும்பி அலைவது தினமும் நடக்கிறது. அங்கே கேட்பது ஸ்லைடும் மெழுகு பிளாக்கும். பிளாக் இருந்தால் சாயம் மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், இல்லையென்றால் மறுபடி ஊசி. சீவி ஒட்டிய ஸ்லைடு 6 வாரத்துக்கு மேல் வைத்தால் புரதம் மங்கும், பிளாக் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். கைப்பையில் துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னால் மத்தியான வெயிலில் வைக்க வேண்டாம், அந்த மெழுகு 56 முதல் 60 டிகிரியில் உருகுவது. பரிசோதனை நிலையக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன், பிளாக்கின் ஓரத்தில் எழுதிய எண்ணும், ஸ்லைடில் எழுதிய எண்ணும், அறிக்கையின் தலைப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று ஒருமுறை சரிபாருங்கள்.